பின்சீட்டில் கேட்ட மூச்சு

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த நாட்களில், காரைக்காலில் எங்களுக்கு நடந்தது இது. வீடு கோவில்பத்தில். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பத்து நாளைக்கு ஒருமுறை அவளை நாகப்பட்டினத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் காட்டி வர வேண்டும். அழைத்துப்போகும் பொறுப்பு எனக்கும் என்னுடைய பதினோரு வயதுக் காருக்கும். எங்கள் இருவரில் யாருக்கு உடம்பில் அதிகக் கோளாறு என்பது அப்போது வீட்டில் விவாதத்துக்கு உரிய விஷயமாக இருந்தது.

நான் நிறையப் படித்தவன் என்று தெருவில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியதே நான்தான் என்பதால் அதன் நம்பகத்தன்மை பற்றி எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அந்தப் படிப்பின் பலத்தில்தான் ஒருநாள் சாலையில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரின் ஆழத்தைக் கண்ணாலேயே அளந்து, காரை உள்ளே விட்டேன். கார் நடுத்தண்ணீரில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. நின்ற இடம் சுடுகாட்டுச் சுவரை ஒட்டி. அப்போது அது எனக்கு ஒரு முகவரி மட்டும்தான்.

இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டது. பட்டறையில் இன்ஜினைக் கழற்றி, பிரித்து, சேர்த்து, மாட்டித் தர மூன்று வாரம் ஆயிற்று. வந்த கார் நன்றாகத்தான் ஓடியது. வீட்டாரை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது அடியிலிருந்து புதிதாக ஒரு ‘தட்தட்’ சத்தம் வந்தது. லேசாகப் புகை வாடையும் இருந்தது. வேலை பார்த்த வண்டி என்றால் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

முதல் தடவை நாகப்பட்டினம் போனபோது பாதி வழியில் மகள் சொன்னாள். “அப்பா, நடுசீட்டுல யாரோ உட்கார்ந்து மூச்சு வுடற மாதிரி இருக்குப்பா.”

எங்கள் காரில் இடங்கள் நிரந்தரமானவை. ஓட்டுவது நான். பின்னால் இடது ஓரம் மகள், வலது ஓரம் என் மனைவி. அவர்களுக்கு நடுவே காலி இடம். அந்தக் காலி இடத்தைத்தான் அவள் சொன்னாள். நான் கண்ணாடியில் பார்த்துவிட்டு, கர்ப்ப காலத்தில் புலன்கள் கூர்மையடைவது பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினேன். என் மனைவி அந்த உரையை மதிக்காமல் நடு இருக்கையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“ஏங்க, சூடா இருக்குங்க” என்றாள். “யாரோ இப்பத்தான் எழுந்து போன மாதிரி.”

வீட்டுக்குத் திரும்பியதும் இருவருக்கும் தலைவலி. மகள் படுத்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. எனக்கு ஒன்றுமே இல்லை. இதையும் நான் ஒரு சான்றாகவே எடுத்துக்கொண்டேன், என் மன உறுதிக்கு.

மறுநாள் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே காரைத் தூக்கி நிறுத்தினார்கள். இன்ஜினிலிருந்து பின்பக்கம் வரை போகும் புகைக்குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. நானும் அடியில் போய் நின்று, தெரிந்தவன் மாதிரி அண்ணாந்து பார்த்தேன். புகை ஒழுகவில்லை, வண்டி சுத்தம் என்றார்கள். இறக்கி ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டிய மெக்கானிக் தனியாளாகப் போய்த் தனியாளாகத் திரும்பி வந்தார். சத்தமில்லை, வாடையுமில்லை.

அடுத்த தடவை நாகை போனபோது அது மறுபடி வந்தது. இந்த முறை எனக்கும் கேட்டது. ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, பின்னாலிருந்து ‘புஸ்’ என்று ஒரு பெருமூச்சு. விட்டது மனைவியும் இல்லை, மகளும் இல்லை; அவர்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏசி போட்டிருந்தும் என் முதுகு வேர்த்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மகள் சொன்னதுதான் எனக்கு இன்றும் காதில் நிற்கிறது. “பாப்பா காருல ஏறுனா அசையறதே இல்லப்பா. வீட்டுக்கு வந்து ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சுத்தான் ஒதைக்கிது. பயந்துக்கிட்டு பதுங்கிக்கிற மாதிரி.”

வண்டி ஆட்டத்தில் தாலாட்டுப்போல் இருக்கும், தூங்கும் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுபடி பட்டறை. மறுபடி தூண்கள், மறுபடி சோப்புத் தண்ணீர். மறுபடியும் சுத்தம். தலைமை மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, “சார், வண்டிக்கு ஒண்ணுமில்ல. வேற ஏதாச்சும் பாருங்க” என்றார். வேறு என்னத்தைப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை. என் மனைவிக்கு அது தெரிந்திருந்தது.

கார் நின்றுபோன இடம் எது என்று அவள் ஏற்கெனவே அக்கம்பக்கத்தில் விசாரித்து முடித்திருந்தாள். சுடுகாட்டுச் சுவர் என்பது இப்போது முகவரியாக இல்லை. அம்பகரத்தூர் அம்மனிடம் போக வேண்டும் என்றாள். மகள் வரவேண்டாம், வண்டியை மட்டும் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். நான் எதிர்த்தேன். எதிர்ப்பின் முடிவில் இரண்டு எலுமிச்சம்பழமும் மாலையும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொள்ள வசதி என்று அன்றைக்கு அவள் முன்னால், என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்சீட்டு காலி. பூசை முடிந்து எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, திரும்பி வரும் வழியெல்லாம் நாங்கள் இருவரும் பேசாமல் காதைத் தீட்டிக்கொண்டு வந்தோம். மூச்சு இல்லை. சூடு இல்லை. தலைவலி இல்லை.

“பாத்தீங்களா, போயிட்டா” என்றாள்.

“போயிட்டா” என்று பெண்பாலில் அவள் சொன்னது எனக்கு என்னவோ போலிருந்தது. பகுத்தறிவு பேசுபவன் அந்த இடத்தில் சிரித்திருக்க வேண்டும். நான் உள்ளுக்குள் அம்மனுக்கு ஒரு நன்றி சொன்னேன். யாரிடமும் சொல்லவில்லை; இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு மூன்றாவது தடவையாக நாகப்பட்டினத்துக்குக் கிளம்பினோம். நல்ல மழை. திருமலைராயன்பட்டினம் நுழைவதற்குச் சற்று முன்னால் லாரி ஒன்று சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. ஏசிக்காக இன்ஜினை அணைக்காமல் அரைமணி நேரம் நின்றோம். பின்னால் பேச்சு இருந்தது. பிறகு குறைந்தது. பிறகு இல்லை. பாவம், அசதி, தூங்குகிறார்கள் என்று நினைத்து ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன்.

வழி விட்டதும் நகர்ந்தோம். எதற்கோ கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு தலைகளும் ஒரே கோணத்தில் நடு இருக்கையை நோக்கிச் சாய்ந்திருந்தன. நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் இரண்டு தோள்களிலும் தலைவைத்துத் தூங்குவது போல. கூப்பிட்டேன். இரைந்து கூப்பிட்டேன். பதிலில்லை.

காரை எங்கே நிறுத்தினேன் என்றுகூடப் பார்க்கவில்லை. இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்தேன். மழை முகத்தில் பட்டதும் மனைவி கண் திறந்து, தரையிலேயே வாந்தி எடுத்தாள். மகளின் கன்னத்தைத் தட்டினேன். அவள் மெல்லக் கண்ணைத் திறந்து, என்னைத் தாண்டி எங்கோ பார்த்து, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

“அந்தம்மா எறங்கிட்டாங்களாப்பா?”

அவள் தோளைப் பிடித்து, முகத்தில் மழை படும்படி வெளியே திருப்பினேன்.

அதற்குள் சாலையோரக் கடையிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். கைலி, கறுத்த பனியன், கை முழுக்க மசகு. மீன்பிடி லாஞ்சுகளின் இன்ஜின் பார்க்கும் மெக்கானிக். என் வயதுதான் இருக்கும். மகளின் முகத்தைப் பார்த்தார், காருக்குள் தலையை விட்டு ஒருமுறை மோந்தார், உடனே தலையை வெளியே இழுத்துக்கொண்டார்.

“இது தூக்கம் இல்ல சார். புகை. லாஞ்சுல கீழ்த்தட்டுல தூங்கப்போயி புகையடிச்சு மவுத்தான ஆளுகளத் தூக்கியிருக்கேன். மொதல்ல காத்து வேணும். இந்த வண்டிய இஞ்சயே போடுங்க.”

ஒரு ஷேர் ஆட்டோவை நடுச்சாலையில் மறித்தார். உள்ளே இருந்த நான்கு பேரை மழையில் இறக்கிவிட்டார்; ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இரண்டு பக்கமும் திறந்த அந்த ஆட்டோவில், சாரலில் நனைந்தபடி நாகப்பட்டினம் போனோம். மகள் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வந்தாள். “அசையலப்பா” என்பதைத் தவிர வழியில் வேறொன்றும் பேசவில்லை.

குழந்தையின் இதயத்துடிப்பு கேட்டது. ஆனால் அது இருக்க வேண்டிய மாதிரி இல்லை என்று மருத்துவரின் முகம் சொன்னது. மகளின் விரலில் மாட்டிய கருவி தொண்ணூற்றெட்டு காட்டியது. அது நல்ல எண்தானே என்று ஆசையாகக் கேட்டேன். புகை விஷத்தில் இந்தக் கருவி ஏமாறும், இதை நம்ப முடியாது என்றார். ரத்தத்தில் அதைச் சோதிக்கும் வசதி அங்கே இல்லை. “புகைதானா? உறுதியாத் தெரியுமா?” என்று கேட்டார். மயக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு; அவற்றுக்கு வைத்தியம் வேறு. புகை என்றால் தாய் தெளிந்த பிறகும் ஆக்சிஜனை நிறுத்தக் கூடாது, வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்திலிருந்து அது இறங்க இன்னும் பல மணி நேரம் பிடிக்கும். இப்போதைக்கு ஆக்சிஜன் வைக்கிறேன், நீங்கள் காரணத்தைத் தெரிந்துகொண்டு வாருங்கள் என்றார்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். இரண்டு முறை தூக்கிப் பார்த்து, புகை ஒழுகவில்லை என்று சொல்லியிருந்தார்கள்.

மகளிடம் மனைவியை விட்டுவிட்டு, பேருந்து பிடித்து அந்தக் கடைக்குத் திரும்பினேன். மணி ஒன்றிருக்கும். மெக்கானிக் காரைக் கடைக்குள் தள்ளி வைத்து, ஜாக்கியில் தூக்கி, அடியில் மல்லாந்து கிடந்தார். வெளியே வந்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

“ஒண்ணுமே தெரியல சார். ஆனா இருக்கு.”

எழுந்துபோய் ஒரு சாம்பிராணிச் சட்டியை எடுத்து வந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் கடைக்குப் புகை போட வைத்திருப்பது. லாஞ்சுக் குழாய்களில் ஓட்டை பார்ப்பதற்கும் அவருக்கு அதுதான் கருவியாம். கரி பற்றியதும் சாம்பிராணியை அள்ளிப் போட்டு, தகரப் புனல் ஒன்றைக் கவிழ்த்து, தூசி ஊதும் கருவியால் அந்தப் புகையைக் காரின் புகைக்குழாய் வழியே பின்னாலிருந்து உள்ளே செலுத்தினார். இருவரும் குனிந்து, குழாயின் நீளம் முழுக்கப் பார்த்தோம். எங்கும் ஒரு நூலளவு புகைகூட வரவில்லை.

நான் அந்தக் கணத்தில் நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அப்படியானால் அது புகை இல்லை என்று நினைத்தேன். அந்தம்மா என்று நினைத்தேன். வெட்டவெளிச்சத்தில், ஐம்பத்து நான்கு வயதில், இரண்டு அலமாரிப் புத்தகங்களுக்குச் சொந்தக்காரன் நினைத்தேன்.

மெக்கானிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து யோசித்தார். “வூட்டுக்காரம்மா எங்க உட்காருவாங்க?”

“பின்னாடி.”

“பொண்ணும்?”

“பின்னாடிதான். நான் ஓட்டுவேன்.”

“பின்னாடி உட்கார்ந்து பாத்திருக்கீங்களா சார்?”

இல்லை. பதினோரு வருடத்தில் என் காரின் பின்சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. அவர் ஜாக்கியை இறக்கினார். பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார். அவர் நல்ல கனமான மனிதர்.

“என்ன பாய், ஊர்கோலமா?” என்று மெக்கானிக்கைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே அவர் என் மனைவி உட்காரும் இடத்தில் ஏறினார். நான் மகளின் இடத்தில் உட்கார்ந்தேன். வண்டியின் பின்பக்கம் எங்கள் கனத்தில் மெல்ல அமுங்கியது. ‘டக்’ என்று அடியில் ஒரு சத்தம். மெக்கானிக் மறுபடி சாம்பிராணியை அள்ளிப் போட்டு ஊதினார். கதவெல்லாம் சாத்தியிருந்தது.

முதலில் மூச்சு கேட்டது. அதே மூச்சு, என் இடுப்புக்குப் பக்கத்தில். பிறகு எங்கள் இருவருக்கும் நடுவே, இருக்கையும் முதுகும் சேரும் இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்தது. சிதறாமல், காற்றில்லாத அந்த அடைப்புக்குள் நிதானமாக உயர்ந்து, தோள் உயரத்தில் கொஞ்சம் அகன்று, தலை உயரத்தில் நின்றது. அந்தம்மாவை நான் பார்த்தேன். டீக்கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு “யா அல்லா” என்று முனகி, கதவைத் திறந்துகொண்டு கிட்டத்தட்ட விழுந்தார். நான் எழுந்திருக்கவில்லை. இந்த இடத்தில் உட்கார்ந்துதான் என் பெண் சொன்னாள். மூன்று அடி முன்னால் உட்கார்ந்து நான் அவளுக்கு விளக்கம் சொன்னேன்.

மெக்கானிக் காரணத்தைச் சொன்னார். தண்ணீர் புகுந்த காரின் தரையிலிருந்து நீரை வடிக்க, பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் மூடிகளைக் கழற்றியிருக்கிறார்கள், திரும்ப மாட்டவில்லை. புகைக்குழாயைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் வளையம் ஒன்றும் இல்லை. பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் வண்டி தாழ்கிறது, பின்சக்கர அச்சு குழாயை இடிக்கிறது, மூடியில்லாத அந்த ஓட்டைக்கு நேர் கீழே இருக்கும் மூட்டு வாயைத் திறக்கிறது. தூக்கிப் பார்த்தால் சக்கரம் கீழே தொங்கிவிடும், மூட்டு தானாகச் சேர்ந்துகொள்ளும். “தூக்கி வச்சுப் பாத்தா ஆம்புடவே ஆம்புடாது சார்” என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் பார்வை ஓட்டுநர் கதவின் வெளிப்பக்கம் போயிற்று. அங்கே சிவப்பாக வழிந்து காய்ந்த கோடுகள்.

“வெத்தல போடுவீங்களோ?”

போடுவேன். தஞ்சாவூர்ச் சீமைக்காரன், வெற்றிலை சீவல் இல்லாமல் எனக்கு ஸ்டியரிங் திரும்பாது. துப்புவதற்காக மழையோ வெயிலோ என் பக்கத்துக் கண்ணாடி எப்போதும் கால்வாசி இறங்கியிருக்கும். அது காற்றில் பின்னால் தெறிக்கும் என்பதால் மனைவி பின்பக்கக் கண்ணாடிகளை இறுக ஏற்றி வைத்திருப்பாள்.

“ஓட்டத்துல உங்க சன்னலு உள்காத்த வெளிய இழுத்துரும். அந்த எடத்த ரொப்ப எஞ்சேருந்து காத்து வரும்? கீழேருந்துதான். ஒங்களுக்கு மட்டும் நல்ல காத்து. ஒரு தலவலிகூட வந்திருக்காதே?”

வந்ததில்லை. அதைத்தான் நான் மன உறுதி என்று நினைத்திருந்தேன்.

அங்கேயே நின்று மருத்துவருக்குப் போன் செய்தேன். புகைதான், கண்ணால் பார்த்தேன் என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி இன்னொரு கட்டிலில் முகமூடியோடு படுத்திருந்தாள். நான் மகளின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தேன். மூன்று மணி, நான்கு மணி. நர்ஸ் அடிக்கடி வந்து வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டு போனார். அந்த ஒன்றும் சொல்லாமையை நான் என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன்.

ஐந்து மணி வாக்கில் மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். முகமூடிக்குள் ஏதோ சொன்னாள், புரியவில்லை. கண்ணால் கீழே காட்டினாள். அவள் வயிற்றின்மேல் போர்த்தியிருந்த ஆஸ்பத்திரிப் போர்வை, இடது பக்கம், ஒரு சின்ன இடத்தில் மேலே எழுந்து அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். அதன் பிறகு நிற்கவேயில்லை.

பிறந்தது பெண். ஒரு குறையும் இல்லை என்று மருத்துவர் இரண்டு முறை சொன்ன பிறகும் மூன்றாவது முறை கேட்டேன். அவளுக்கு இப்போது மூன்று வயது நெருங்குகிறது. லீவுக்கு வரும்போது சில நாள் கட்டிலைக் காட்டி, “தாத்தா, அடியில யாரோ இருக்காங்க” என்கிறாள். அப்படியெல்லாம் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதற்கான விளக்கம் என்னிடம் எப்போதும் போலத் தயாராகவே இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால், முழங்கால் வலிக்க வலிக்கத் தரையில் படுத்து, அவள் பார்க்கும் இடத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.